ஏவல்குறிச்சியில் பாலன் கண்ணயர்ந்த நாள்

சத்தியம்! சத்தியம்! மூன்றாம் தரமும் சத்தியம்! இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல், ஒரு கொம்பு, ஒரு சுழி பொய்யென்றாலும் என் மச்சினன் பூதலிங்கத்தின் தலை நாலாகப் பிளந்துபோகட்டும். என் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்யலாம்தான், ஆனால் என் தலையில் முடி கிடையாது, சத்தியம் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். பூதலிங்கத்துக்குச் சுருட்டை முடி, நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷமாக நான் செய்த சத்தியம் அத்தனையும் அவன் தலைமேல்தான், அந்தத் தலை இன்றைக்கும் அவன் கழுத்தின்மேல்தான் இருக்கிறது, இதற்குமேல் அத்தாட்சி என்ன வேண்டும்?

மேற்கு மலையின் அடிவாரத்தில், பஸ் திரும்ப இடமில்லாமல் ஒரு மைல் தூரம் பின்னாலேயே நகர்ந்து வெளியேற வேண்டிய ஒரு பள்ளத்தில், ஏவல்குறிச்சி என்று ஓர் ஊர். அறுபத்துமூன்று வீடு, அறுபத்துமூன்றும் மந்திரவாதி வீடு. மை போட்டுப் பார்க்கிறவர் உண்டு, தகடு எழுதுகிறவர் உண்டு, பெய்யவந்த மழையைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுகிறவர் உண்டு, அவர் தள்ளிவிட்ட மழையைத் திரும்ப இழுத்துவருகிறவர் அதே தெருவில் எதிர்வீட்டில் உண்டு. வீட்டுக்கு ஒரு குட்டி. அதற்கு முழுப்பெயர் வேறு இருக்கிறது, சொன்னால் அதற்குக் கோபம் வரும், ஆகவே ஊரார் குட்டி என்றே கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். கண்ணுக்குத் தெரியாது, குரல் முழங்கால் உயரத்திலிருந்து வருவதால் ஆளும் அவ்வளவுதான் இருக்கும் என்று ஓர் அபிப்பிராயம். ரேஷன் கடை வரிசையில் நிற்பதற்கு ஊரார் குட்டியைத்தான் அனுப்புவார்கள். கடைக்காரர் வெறுங்காற்றைப் பார்த்துக் கார்டு கேட்பார், காற்றிலிருந்து கார்டு நீளும், அரிசியை அளந்து காற்றில் நீட்டுவார், பை தானாகத் தெருவில் நடந்துபோகும். அவர் ஒருநாளும் மாற்றல் கேட்டதில்லை, ஏனென்றால் வேறெந்த ஊரிலும் எடையைப் பற்றி வாய்திறக்காத ஜனங்கள் அவருக்குக் கிடைக்கமாட்டார்கள்.

இந்த ஊரில் மருந்துக்கும் ஒரு வேதக்காரக் குடும்பம், ஒரு கிறிஸ்தவ வீடு கிடையாது, ஆனால் டிசம்பர் இருபத்தைந்து வந்தால் அறுபத்துமூன்று வாசலிலும் காகித நட்சத்திரம் தொங்கும், துணைச் சுகாதார நிலையத்து வராந்தாவில் வைக்கோல் குடில் நிற்கும், ஊர் முழுக்க ஒரு சத்தம் இருக்காது. மற்ற ஊரில் அன்றைக்கு வெடி உண்டு, மணி உண்டு, மேளம் தட்டிப் பாட்டு உண்டு. இங்கே குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றமாட்டார்கள், விசில் அடித்துவிடும். சேவலைக் கூடைக்குள் கவிழ்த்துக் கூடைமேல் கம்பளி போர்த்துவார்கள், இருமல்காரர்களை முதல்நாளே பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பஸ்காரர் ஊர் எல்லையில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் உருட்டிக்கொண்டே வந்து, ஆட்களை இறக்கி, குட்டிகள் தள்ளாத நாளென்பதால் பயணிகளே தள்ள, வெளியேறுவார்.

இது ஏன் என்று வெளியார் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து மூன்று மாதம் தங்கி, வெள்ளைக்காரன் ஆண்டபோது பயத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். வெள்ளைக்காரன் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததே கிடையாது. ஒரு கட்சிக்காரர் ஜீப்பில் வந்து, ராவோடு ராவாக ஊரையே மதம் மாற்றிவிட்டார்கள் என்று மைக் பிடித்தார். அவருடைய மைக்கிலிருந்து ஒரு வாரத்துக்குத் தவளைச் சத்தம் மட்டும் வந்தது, அது வேறு கதை. இன்னொருவர், மந்திரவாதிகள் மனம் திரும்பிவிட்டார்கள் என்று பத்திரிகையில் படம் போட்டார். படத்தில் இருந்தவர் அன்று காலையில்தான் ஒருவர் வீட்டு வாசற்படியில் முட்டை புதைத்துவிட்டு வந்திருந்தார். உண்மை இதில் எதுவும் இல்லை. உண்மையை நான் சொல்கிறேன், ஆற அமரக் கேளுங்கள்.

குட்டி வைத்திருக்கிறவனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுத்த வேலையை முடித்ததும் குட்டி வந்து "அடுத்து?" என்று கேட்கும். உடனே அடுத்த வேலையைச் சொல்லவேண்டும். மூன்றாம் தரம் கேட்டும் பதில் வரவில்லையென்றால், வைத்திருக்கிறவனையே கால் கட்டைவிரலிலிருந்து தொடங்கித் தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்டவரை யாரும் பார்த்ததில்லை, பார்க்கக் காத்திருக்கவும் யாருக்கும் தைரியமில்லை, ஆகவே கிணறு வெட்டச் சொல்வார்கள், வெட்டிய கிணற்றை மூடச் சொல்வார்கள், புளியமரத்து இலையை எண்ணச் சொல்வார்கள், காற்றடித்தது மறுபடி எண்ணு என்பார்கள். தூக்கம் புருஷனும் பெண்டாட்டியும் முறைபோட்டுத்தான். தீபாவளிக்கு லீவு விடலாமென்றால் அன்றைக்குத்தான் தொழில் கொழிக்கும். ஆடி அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் வெளியூர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊர் சேர்ந்தாற்போல் கண்மூடியது என்று சரித்திரத்தில் இல்லை.

இப்படியிருக்கும்போது, அந்த மந்திரவாதிகளில் ஒருவரான கொம்பையாவின் மனைவி உலகம்மாள் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தாள். கொம்பையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, பிள்ளை கிடையாது, குட்டியோ ஊரிலேயே சுறுசுறுப்பான குட்டி, மற்ற குட்டிகள் ஒரு நாள் செய்யும் வேலையை வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடித்துவிட்டு வந்து நிற்கும். அந்தந்த வீட்டு ஆள் சொன்னால்தான் குட்டி கேட்கும், அண்டை வீட்டார் உதவவும் வழியில்லை. பெண்டாட்டி செத்த பதினாறாம் நாள் கொம்பையா நின்றுகொண்டே பேசப் பழகினார், முப்பதாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணப் பழகினார், நாற்பதாம் நாள் சுவரைப் பார்த்து உலகம்மாள் என்று கூப்பிட்டார். ஊரார் அவரைப் பார்த்தால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள், விரல் பத்தும் இருக்கிறதா என்று.

கார்த்திகைக் கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் புது நர்ஸ் வந்தாள். பெயர் மிக்கேலம்மாள், வடக்கன்குளத்துக்காரி, நாற்பது வயது, குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். கொம்பையா வீட்டுக்கு அடுத்த கட்டடம்தான் நிலையம். வந்த மூன்றாம் நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, பட்டப்பகல்லயே ஏத்திட்டீரா?"

"குடிக்கல நர்ஸம்மா. தூங்கல."

"எத்தன நாளாத் தூங்கல?"

"நாப்பது தாண்டிட்டு."

"மாத்திரை தாரேன், போட்டுட்டுப் படும்."

"தூங்கினா தின்னுரும்."

"எது தின்னுரும்?"

முழங்கால் உயரத்திலிருந்து, "அடுத்து?" என்று ஒரு குரல் கேட்டது. கொம்பையா, "ஓட்டையெல்லாம் இறக்கித் துடைச்சி ஏத்து" என்றார். வீட்டுக் கூரையிலிருந்து ஓடுகள் வரிசையாகத் தானே இறங்கின, தானே துடைத்துக்கொண்டன, தானே ஏறின.

மிக்கேலம்மாள் அதைக் கடைசி ஓடுவரைக்கும் பார்த்தாள். "இதுக்கா இந்தப் பாடு? எங்க மாமியாருக்கும் இதே வியாதிதான். ஒரு வேலைய முடிச்சு நிமிர விடமாட்டா. என்ன, இங்க வேலை கேக்குது, அங்க வேலை சொல்லுவா" என்று சொல்லிவிட்டு ஊசி கொதிக்கவைக்கப் போனாள். அவளுடைய ஆச்சரியம் அவ்வளவோடு முடிந்தது.

டிசம்பர் இருபத்தைந்து நெருங்கியது. பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கேட்டாள். வந்து மாசம் ஆகவில்லை அதற்குள் லீவா என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. "நான் பண்டிகைக்குப் போக முடியலன்னா பண்டிகை எங்கிட்ட வரட்டும்" என்று வராந்தாவிலேயே குடில் கட்டத் தொடங்கினாள். கொம்பையாவுக்கு அது பெரிய உபகாரம், குட்டிக்குச் சொல்ல வேலை கிடைத்தது. வைக்கோல் கொண்டுவா என்றார், அறுபது கட்டு வந்து நின்றது. நட்சத்திரம் ஒட்டு என்றார், காகிதத்தில் ஒட்டிவிட்டுப் போதாதென்று வானத்திலிருந்தும் ஒன்றைப் பிடுங்கிவந்தது, மிக்கேலம்மாள் அதட்டித் திரும்ப மாட்டச் சொன்னாள். மாடு, ஆடு, ஒட்டகம் எல்லாம் களிமண்ணில் ஆயிற்று. இருபத்தைந்தாம் தேதி காலையில் அவள் தகரப் பெட்டியைத் திறந்து, அம்மா கொடுத்த பாலன் சுரூபத்தை எடுத்து வைக்கோலில் கிடத்தினாள். சுண்ணாம்புச் சாந்தில் செய்த ஒரு சாண் பிள்ளை, கை இரண்டையும் விரித்து, கண் இரண்டையும் அகல விழித்துக்கொண்டு கிடந்தது.

"அடுத்து?" என்றது குட்டி.

கொம்பையா வாயைத் திறந்தார். அவரிடமிருந்த வேலையெல்லாம் தீர்ந்துவிட்டது, அதைவிட மோசம், வேலை என்ற எண்ணமே தீர்ந்துவிட்டது. வராந்தாத் தூணைப் பிடித்தார்.

"அடுத்து?" என்றது இரண்டாம் தரம்.

மிக்கேலம்மாள் அவர் காதில் குனிந்தாள். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய ஒறங்க வைக்கச் சொல்லும்! பதினெட்டு வருஷமாப் பிள்ளைகளப் பாத்துட்டு வாரேன், அது லேசுல முடியுற வேலை கிடையாது. இது கண்ணு மூடாத பிள்ளை, காலத்துக்கும் முடியாது. சொல்லும்வே!"

"பிள்ளைய... ஒறங்கவை" என்று சொல்லிக்கொண்டே கொம்பையா தூணிலிருந்து சரிந்து தரைக்கு வந்தார், தரைக்கு வருமுன்பே குறட்டை வந்துவிட்டது.

குட்டி மலையைப் புரட்டியிருக்கிறது, கடலைத் தாண்டியிருக்கிறது, ஒரு பிள்ளையை மடியில் வைத்ததில்லை. முதலில் குடிலோடு சேர்த்து ஆட்டியது, ஒட்டகம் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. "மெதுவாலே! பிள்ளையா, உரலா?" என்று மிக்கேலம்மாள் அதட்டினாள். தாலாட்டு தெரியாததால் தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, எதிரியின் குடலை உருவும் மந்திரத்தை, ராகம்போட்டு இழுத்தது. "வார்த்தைய விட்டுட்டு ராகத்த மட்டும் பாடு" என்றாள். பாடியது. விசிறியது. ஈ விரட்டியது, ஈயே இல்லாதபோது ஈயை வரவழைத்து விரட்டியது. பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது.

சங்கதி பரவிற்று. வேலை முடிந்த குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து வராந்தாவில் நின்றன, "அடுத்து" கேட்கத் திரும்பிப் போகவில்லை. தன் குட்டியைக் காணோமென்று பதறி ஓடிவந்தார் நாறும்பூ, ஊரின் மூத்த மந்திரவாதி, எழுபது வயதிலும் எமனையே வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார் என்று பெயர் வாங்கியவர். குறட்டை விடும் கொம்பையாவைப் பார்த்தார், விரல் பத்தும் இருப்பதை எண்ணினார், குடிலைப் பார்த்தார், ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார்.

"ஏலேய், நம்ம குட்டி! நீயும் பிள்ளைய ஒறங்கவை!" என்று கத்திவிட்டு அந்த இடத்திலேயே தலைப்பாகையை அவிழ்த்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். ஒரு நாழிகைக்குள் அறுபத்திரண்டு வீட்டாரும் அதே கட்டளையைச் சொல்லிவிட்டுச் சொன்ன இடத்தில் சாய்ந்தார்கள். கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி ஒருத்தி, ஏணியின் நடுப்படியில் ஒருவர், தகடு எழுதிக்கொண்டிருந்தவர் எழுத்தாணியோடு, அடித்துக்கொண்டிருந்த இரண்டு சம்பந்திகள் ஒருவர் தோளில் ஒருவர். ஊர் உண்டான நாளிலிருந்து சேர்த்துவைத்த தூக்கம் அத்தனையும் ஒரே நாளில் இறங்கிற்று, அந்தக் குறட்டையில் புளியமரத்துப் பிஞ்சுகள் உதிர்ந்தன. விழித்திருந்தவள் மிக்கேலம்மாள் ஒருத்தி, அவளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அறுபத்துமூன்று ஆயாக்கள்.

"யக்கா, இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கொம்பையாவின் குட்டி கேட்டது. அவள் சொன்னாள், இடம் கேட்ட வாசலெல்லாம் கதவைச் சாத்தியதை, மாட்டுக்கொட்டகையில் பிறந்ததை, கிழக்கேயிருந்து மூன்று பேர் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வந்ததை. அறுபத்துமூன்றும் "உம்" கொட்டின.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெயில் குடிலுக்குள் விழுந்தது. மிக்கேலம்மாள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சாந்துப் பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது, விரித்த கை இரண்டையும் மார்பில் சேர்த்துக்கொண்டது, கண்ணை மூடித் தூங்கிப்போயிற்று.

அவள் விருட்டென்று எழுந்தாள். பிள்ளை தூங்கியதற்காக அல்ல. அதில் அவளுக்குப் பெரிய வியப்பில்லை. வேலை முடிந்துவிட்டது! அறுபத்துமூன்று குட்டியும் இப்போது "அடுத்து?" என்று கேட்கும், பதில் சொல்ல ஊரில் ஒரு நாக்கு விழித்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கொம்பையாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், அவர் சிரித்துக்கொண்டே புரண்டு படுத்தார். மூன்று தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரலை வயிற்றிலிருந்து கூட்டி வாயைத் திறந்தாள். சின்னதாக, சில்லென்று ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

"உஷ்... சத்தம் போடாதீயக்கா. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

அன்று சாயங்காலமும் அன்று ராத்திரியும் ஏவல்குறிச்சியில் ஒரு விரலும் குறையவில்லை. மறுநாள் விடியக்காலையில் பிள்ளை கண்விழித்தது, ஊரும் விழித்தது, குட்டிகள் "அடுத்து?" என்றன.

அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டார்கள். சாந்துப் பிள்ளை எப்படித் தூங்கிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, அதெல்லாம் அவர்களுக்குத் தினசரி விவகாரம். கேள்வி வேறு: இதை வருஷாவருஷம் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் நம் சாமிகள் கோபித்துக்கொள்ளுமா?

"நல்லாக் கேளுங்கவே" என்றார் நாறும்பூ, காலையிலேயே மிக்கேலம்மாளிடம் பிள்ளை பிறந்த கதையைக் கேட்டு வந்திருந்தவர், முகத்தில் ஒரு நாள் தூக்கத்தின் பளபளப்போடு. "கிழக்கேயிருந்து மூணு பேரு போயிருக்கான். நட்சத்திரம் பாத்துப் போயிருக்கான். கையில என்ன? சாம்பிராணி, வெள்ளைப்போளம். நம்ம பெட்டியில கெடக்க சாமான்தானே? அப்ப போனது யாரு? நம்ம தொழில்காரன். நம்மாளு போய்ப் பாத்த பிள்ளைய நாம பாத்தா என்ன தப்பு?"

"நம்ம சாமிக்கு யாரு பதில் சொல்லுதது மாமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நம்ம சாமி ஒவ்வொண்ணும் அதது நாள்ல நம்மகிட்ட வேலை வாங்குது. இந்த ஒரு நாளு எந்தச் சாமியும் நம்மள எதுவும் கேக்கல. எவன் பண்டிகையில நமக்கு வேலை இல்லையோ அவன் பண்டிகைதாம்லே நமக்கு லீவு."

ஊர் ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: பிள்ளை முழித்துக்கொண்டால் லீவு முடிந்துபோகும் என்பதால், அன்றைக்கு ஊரில் சத்தம் கூடாது. பண்டிகை விளங்கிற்றா இப்போது? பிறகு ஒரு பாதிரியார் விசாரிக்க வந்தார். சாந்து தூங்காது என்று கண்டிப்பாகச் சொன்னார், சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். அடுத்த வருஷம் அவர் நடுராத்திரிப் பூசையை முடித்த கையோடு போர்வையும் தலையணையும் கொண்டுவந்தார்.

இதுவரைக்கும் ஊர் அறிந்தது. இனி வருவதில் ஒரு சங்கதி ஊர் அறியாதது, கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

அந்த முதல் ராத்திரி, பிள்ளை தூங்கும்போது, மிக்கேலம்மாள் கொம்பையாவின் குட்டியிடம் கிசுகிசுத்தாள்: "வேலைதான் முடிஞ்சிட்டே, ஏன் இவரத் தின்னல?"

"நாங்க எதுக்குத் திங்கோம்? எங்களுக்குப் பல்லே கெடயாது."

"பெறவு ஏன் எந்நேரமும் அடுத்து அடுத்துன்னு உசுர வாங்குதீய?"

குட்டி குரலை இன்னும் தாழ்த்தியது. "வேலை இல்லாத குட்டிய இவுக புளியமரத்துல ஆணியடிச்சி இறக்கிருவாகள்லா யக்கா. எங்க பாட்டன் அங்கதான் இருக்கான். சும்மா இருந்தா நம்மளையும் அடிச்சிருவாகளோன்னு பயந்துதான் கேக்கோம். இவுக வேற கண்ண உருட்டிக்கிட்டுச் சத்தமாச் சொல்லுவாகளா, கோவத்துல இருக்காகன்னு நெனச்சி இன்னும் வேகமா முடிச்சிருவோம்."

மிக்கேலம்மாள் தூங்குகிற ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை, சத்தம் வரக்கூடாது என்பதால் இரண்டையும் விட்டுவிட்டாள்.

பங்குனி பிறந்தது, பெரிய வெள்ளிக்கிழமையும் வந்தது. அவள் நாறும்பூவையும் கொம்பையாவையும் பெரியவர்கள் நாலு பேரையும் வராந்தாவில் உட்காரவைத்து, அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்று சொன்னாள். மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள் என்ற இடத்தில் நாறும்பூ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தன ஆணி?"

"மூணு."

"இரும்பா?"

"சுத்த இரும்பு."

"சும்மா அடிச்சானா, முறையா அடிச்சானா?"

"ராசா உத்தரவு, கல்லறைக்குக் கல்லு, கல்லுமேல முத்திரை, முத்திரைக்குக் காவல். எல்லாம் முறையாத்தான்."

"பெறவு?"

"மூணாம் நாள் காலைல எந்திரிச்சி நடந்து போயிட்டாரு."

கொம்பையாவின் பார்வை மெள்ளப் புளியமரத்துக்குப் போனது, தலைமுறை தலைமுறையாக அடித்த நூற்றுச்சொச்சம் ஆணி அதில் துருப்பிடித்து நின்றது. எல்லாருடைய பார்வையும் அங்கேயே போனது.

"நிக்காது போலிருக்கேவே" என்றார் நாறும்பூ. "அப்பேர்ப்பட்ட ஆணியே நிக்கலன்னா நம்ம ஆணி எம்மாத்திரம்? அதுக எல்லாம் ஒருநா கூட்டமா எந்திரிச்சி வந்து கணக்குக் கேட்டா?"

"அதுக வந்து கேக்கதுக்கு முன்ன நாமளாப் பிடுங்கிட்டா மரியாதையா இருக்கும்லா மாமா?" என்றார் கொம்பையா.

அன்று மத்தியானமே குறடும் கடப்பாரையுமாகப் போனார்கள். ஒவ்வோர் ஆணியும் வெளியே வரும்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கடைசி ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுபத்துமூன்று வீட்டாரும் காலை இறுக்கிக்கொண்டு நின்றார்கள், நூறு குட்டி சேர்ந்து "அடுத்து?" என்று கேட்கப்போகிறது என்று. ஒன்றும் கேட்கவில்லை. மரத்து நிழலில் புல் மட்டும் நூறு இடத்தில் மடங்கிற்று, யாரோ காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. அன்றிலிருந்து அந்த வெள்ளிக்கிழமையும் ஊரில் பண்டிகை, ஆணி தொடாத பண்டிகை.

அந்த முதல் ராத்திரி குட்டி சொன்னதை மிக்கேலம்மாள் தடுப்பூசி ஐஸ்பெட்டி கொண்டுபோன ஜீப் டிரைவர் ஒருத்தனிடம் மட்டும்தான் சொன்னாள். டிரைவர் யார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் வெளியே விடாதீர்கள். குட்டிக்குப் பல் கிடையாது என்று ஊராருக்குத் தெரிந்துவிட்டால், எதற்கு லீவு என்று அந்த ஒரு நாளும் வேலை வாங்குவார்கள். ஊரார் இத்தனை பேரும் தங்களுக்குப் பயந்து நடுங்குகிறவர்கள் என்று குட்டிகளுக்குத் தெரிந்துவிட்டால், எந்த நாளும் வேலை நடக்காது. இப்போது இருபக்கமும் பயம் சமமாக இருக்கிறது, வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதைக் கெடுப்பானேன்? மீறிச் சொல்லத்தான் வேண்டுமென்று நாக்கு அரித்தால் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார், முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.